வெண்டல் தராத ஒப்புதல்

வெண்டல் ஹவுக்கலா அதிகம் பேசமாட்டார். பேசினால் மூன்றே விஷயம்தான்: எந்தச் சாலையில் இன்று வழுக்கும், மனைவி ஐலாவின் நெஞ்சுவலி எப்படி இருக்கிறது, டாமராக்கின் அடுத்த பதிப்பு எப்போது வரும். முதல் இரண்டையும் கேட்க எங்கள் ஊர் டுலூத்தில் ஆள் உண்டு. மூன்றாவதைக் கேட்க நான் ஒருத்திதான். அவருக்கு நான் அடுத்த வீடு. நூலகத்தின் கணினிகளையும், ஊர் ஊராகப் போகும் நூலக வண்டியையும் கட்டி மேய்ப்பது என் வேலை.

டாமராக் என்பது கணினியை இயக்கும் அடிப்படை நிரல். அது யாருக்கும் சொந்தமில்லை. யாரும் எடுத்து ஓட்டலாம், கோளாறு கண்டால் திருத்தி அனுப்பலாம். எல்லாமே மெயிலில்தான். திருத்தத்தை எல்லாருக்கும் போகிற பொது மெயில் பட்டியலுக்கு அனுப்பினால் ஆயிரம் பேர் பார்ப்பார்கள், ஐந்நூறு பேர் நொட்டை சொல்வார்கள், கடைசியில் அந்தப் பகுதியின் பொறுப்பாளர் எடுத்துச் சேர்ப்பார். யாருக்கும் சம்பளம் கிடையாது. திருத்தத்தின் அடியில் எழுதியவர் பெயர், சோதித்தவர் பெயர், ஒப்புதல் தந்தவர் பெயர் என்று வரிசையாக நிற்கும். கிடைக்கிற மரியாதை அது ஒன்றுதான். அந்த மெயில்களை நான் தினமும் காலைக் காபியோடு ஒன்று விடாமல் படிப்பேன்.

வெண்டல் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், சாலைத்துறையில் கருவிகள் பழுதுபார்ப்பவர். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஆர்னி என்பவர் ஓட்டிய பனி தள்ளும் வண்டி, பாலத்தின் மேல் கண்ணாடி மாதிரி உறைந்திருந்த பனியில் வழுக்கி ஆற்றில் விழுந்தது. ஆர்னி பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சாலையோரம் நாற்பத்து மூன்று இடங்களில் வெப்பமானிக் கம்பங்கள் நட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கணினி, ஒரு ரேடியோ அட்டை. எங்கே உறைகிறது என்று அது சாலைத்துறைக் கொட்டகைக்குச் சொல்லும். ரேடியோ அட்டை செய்த கம்பெனி இரண்டே வருஷத்தில் கடையை மூடிவிட்டது. அந்த அட்டையை டாமராக்கோடு பேச வைக்கும் நிரலை யாராவது எழுதியாக வேண்டும். வெண்டல் எழுதினார். அதற்கு முன்னால் அவர் எழுதிய மிக நீளமான விஷயம் விடுப்பு விண்ணப்பம்தான்.

முதல் தடவை அனுப்பியபோது திருப்பிவிட்டார்கள். வரி ஆரம்பத்தில் இடைவெளி தப்பாம். இரண்டாம் தடவை பெயர்கள் தப்பாம். ஏழு தடவை திருப்பினார்கள். மனிதர் முகம் சுளிக்காமல் எட்டாவதையும் அனுப்பினார். அது சேர்ந்த அன்று கொட்டகைக்கு இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டி இருபது வாங்கிப் போனார். எதற்காகத் தின்கிறோம் என்று தெரியாமலே அத்தனை பேரும் தின்றார்கள். பொறுப்பாளர் பட்டியலில் அந்த நிரலுக்கு நேரே அவர் பெயர் ஏறியது. பதினான்கு வருஷம் அங்கேயே இருந்தது. ஐஸ்லாந்தில் ஹால்பெரா என்று ஒரு அம்மாள், ஆட்டுக்கொட்டகைக் கதவு காற்றில் திறந்துகொண்டால் தெரிந்துகொள்ள அதே அட்டையை வைத்திருக்கிறார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வெண்டலுக்கு ஆடுகளின் படம் அனுப்புவார்.

அந்த எட்டாவது திருத்தத்தை ஏற்றுக்கொண்டவன் லைல் ஸ்ட்ராண்ட். மினியாபோலிஸ்காரன். வலை, ரேடியோ சம்பந்தப்பட்ட பகுதி முழுவதற்கும் அவன்தான் தலைமைப் பொறுப்பாளர். அவனை 'அவர்' என்று எழுத எனக்கு இப்போது கை வரவில்லை. ஒவ்வொரு அக்டோபரும் வெண்டலின் ஏரிக்கரைக் குடிலுக்கு வருவான். இருவரும் சானா என்கிற நீராவி அறையில் வியர்க்க உட்கார்ந்துவிட்டு ஏரியில் குதிப்பார்கள். ஐலா வைத்த மீன் சூப்பை மூன்று கிண்ணம் குடிப்பான். வெண்டல் நண்பன் என்று சொன்ன ஆள் அவன் ஒருவன்தான்.

லைல் ஒரு விஷயத்தில் நெருப்பு. போர்ச்சுகலில் இருந்து புதிதாக வந்த ஒருவர், மாநாட்டில் பார்த்தபோது வாயால் சரி சொன்னார் என்று, இன்னொருவர் பெயரில் ஒப்புதல் வரி போட்டுவிட்டார். லைல் பட்டியலில் எல்லார் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டினான். "எழுத்தில் வராதது ஒப்புதல் இல்லை. அடுத்தவர் பெயரில் பொய் சொல்லாதே." அந்த மனிதர் அதோடு டாமராக்கை விட்டே போய்விட்டார். நாங்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

போன பிப்ரவரியில் ஐலாவுக்கு இதய வால்வு மாற்ற நாள் குறித்தார்கள். ரோச்செஸ்டர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். கிளம்பும் அன்று காலை, நாய் முஸ்தியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வெண்டல் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"முஸ்திக்கு ரெண்டு வேளை சோறு. மூணாவது வேளையும் கேட்டு நடிப்பான், ஏமாந்துடாத."

"லேப்டாப் எடுத்துக்கலையா?"

"இந்த மூணு வாரம் மெயிலைத் தொடமாட்டேன்னு ஐலாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். சமையலறை மேசை மேல மூடியே கிடக்கட்டும்."

"உலகம் அழிஞ்சா சொல்றேன்."

"அழிஞ்சா மட்டும் சொல்லு," என்று சிரித்தார்.

தினமும் சாயங்காலம் போன் பண்ணி நாயின் செய்திகளைச் சொல்வேன். ஐலா பிழைத்துவிட்டார். அந்த மாதம் எனக்கும் ஒரு நல்ல சேதி: நூலக வண்டி நின்று கிளம்பினால் வலைத் தொடர்பு அறுந்துபோகிற கோளாறுக்கு நான் எழுதிய திருத்தம், லைலிடம் ஐந்து மாதமாகத் தூங்கியது, ஒருவழியாகச் சேர்ந்தது.

மார்ச் முதல் வாரம் திரும்பி வந்தார்கள். வெண்டல் கொட்டகையில் டாமராக்கின் புதிய பதிப்பை ஒரு கம்பத்துக் கணினியில் ஏற்றிப் பார்த்தார். ரேடியோ அட்டையே இல்லை என்றது. அட்டையைக் கழற்றி மாட்டினார், கம்பியை மாற்றினார், இன்னொரு கணினியில் ஏற்றினார். தன் நிரலில்தான் ஏதோ பிசகு என்று முடிவு செய்து இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். அப்புறம் லைலுக்கு மெயில் எழுதினார். எனக்கு அதைப் பின்னால் காட்டினார். "என்னுடைய எந்தத் தவறால் இது உடைந்தது என்று பிடிபடவில்லை. மூன்று வாரம் கவனிக்காமல் விட்டதற்கு மன்னித்துக்கொள். நேரம் கிடைத்தால் பார்." பதில் இல்லை. அவன் அந்த நிரலைக் கொன்றதற்கு இவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் மூலநிரல் அடுக்கைத் திறந்து பார்த்தார். அவர் கோப்பு இருந்த இடம் காலி. இரண்டாயிரத்து நூறு வரியும் போயிருந்தது. நீக்கிய குறிப்பு இப்படி இருந்தது: 'பயன்படுத்துவோர் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டு வாரம் அவகாசம் தந்தும் எதிர்ப்பு வரவில்லை.' நீக்கியவர்: லைல் ஸ்ட்ராண்ட். அதற்கு அடியில், ஒப்புதல்: வெண்டல் ஹவுக்கலா.

வேலி ஓரம் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். போனேன். சமையலறையில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு போனை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, மேசை மேல் வைத்தார்.

"லைல், வெண்டல் பேசறேன்."

"வெண்டல்! ஐலா எப்படி இருக்காங்க? உன் மெயிலைப் பார்த்தேன்பா. பதில் போடணும்னு இருந்தேன், தலைக்கு மேல வேலை."

"தேறிட்டா. என் பேரை யாரு போட்டது?"



"நீதானேப்பா அக்டோபர்ல சொன்ன? சானாவுல. இந்த அட்டையெல்லாம் கிழடு தட்டிப்போச்சு, ஒருநாள் தூக்கிப் போட வேண்டியதுதான்னு."

"ஒருநாள்னு சொன்னேன். நாம ரெண்டு பேரும் கிழடுதான்னும் அன்னிக்கே சொன்னேன். உன்னைத் தூக்கிப் போட்டேனா?"

"அப்படி எடுத்துக்காத. இந்தப் பகுதியையே புதுசா எழுதறேன். பழைய அட்டை பதினொண்ணு குறுக்க நிக்குது. ஒவ்வொண்ணையும் மாத்தி எழுத யாருக்கு நேரம் இருக்கு? பட்டியல்ல ரெண்டு வாரம் கேட்டேன். ஒரு குரல் வரல."

"என்கிட்ட கேட்டியா?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்த. அந்த நேரத்துல உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்..."

"ஒரு நிரலைப் பத்தி மெயில் போட்டா அதோட பொறுப்பாளர் முகவரி தானா வந்து ஒட்டிக்கும் லைல். அந்த ஏற்பாட்டை எழுதுனதே நீ. கையால அழிச்சாத்தான் போகும்."

"உலகம் முழுக்கச் சேர்த்தா அம்பது பேர் வச்சிருக்கிற அட்டை வெண்டல் அது!"

"நாப்பத்தி மூணு எங்க கவுண்டியில மட்டும் இருக்கு. பராமரிப்பு இல்லாத நிரல் ஓடக்கூடாதுன்னு கணினிப் பிரிவுல சொல்லிட்டாங்க. அடுத்த குளிர்ல பனி விழறதுக்குள்ள எல்லாக் கம்பத்தையும் நிறுத்திடுவாங்க. ஆர்னி விழுந்த பாலத்துல இருக்கறதும் சேர்த்து."

என்னால் அடக்க முடியவில்லை. "போர்ச்சுகல்காரரை ஊர் முன்னாடி நாறடிச்சியே, உனக்கு வெக்கமா இல்லையா? அவராவது நிஜமாவே சரின்னு சொன்ன ஆள் பேரைப் போட்டாரு!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன்.

"யாரது? மேவிஸா?" லைல் குரல் மாறியது. ரொம்ப மெதுவாகக் கேட்டான். "நூலக வண்டி இப்ப நல்லா ஓடுதா மேவிஸ்?"

வெண்டல் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பிறகு போனை அணைத்தார்.

"பட்டியலுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்க. இந்த ஒப்புதல் நான் தரலைன்னு. அவன் கதை முடிஞ்சுது," என்றேன். அவசரமாகத்தான் சொன்னேன்.

அவர் எழுதவில்லை. பட்டியலின் பழைய மெயில்களைத் திறந்து பிப்ரவரிக்குப் போனார். எதையும் எட்டுத் தடவை சரிபார்க்கிற மனிதர் ஆயிற்றே.

"லைல் என் பேரைப் போட்டுக் கேட்டது பதினொண்ணாம் தேதி," என்றார். "அதுக்கு அடுத்த மெயில் பன்னெண்டாம் தேதி காலையில. நீ போட்டது. என் திருத்தத்தை எடுத்துக்கறேன்னு சொன்னதுக்கு நன்றி லைல்னு எழுதியிருக்க."

"ஆமா."

"அன்னிக்கு சாயங்காலம் போன்ல முஸ்தி நரியைத் துரத்திட்டு வேலியில மாட்டிக்கிட்டதைச் சொன்ன. நானும் ஐலாவும் சிரிச்சோம். வால்வு வச்சு நாலு நாள்தான் ஆகியிருந்துது, சிரிக்காதன்னு நர்ஸ் திட்டுனாங்க."

"ஆமா."

"இதைச் சொல்லல."

"உங்க பேர் இருந்துச்சு வெண்டல். நீங்க சரின்னுட்டீங்கன்னு நினைச்சேன்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "லேப்டாப் இதே இடத்துல மூடிக் கிடந்துது மேவிஸ். நாய்க்குச் சோறு போட தினமும் ரெண்டு வேளை இது பக்கத்துலதான் நின்ன."

நின்றேன். அந்த மெயிலைப் பார்த்ததும் எனக்குத் தெரியும், அந்த வரி பொய் என்று. ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் முந்தின நாள்தான் லைல் என் திருத்தத்தை எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தான். இன்னும் சேர்க்கவில்லை. இப்போது வாயைத் திறந்தால் இன்னொரு ஐந்து மாதம் தூங்கும் என்று நினைத்தேன். ஐலா தேறட்டும், இவர் வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். வந்த பிறகும் சொல்லவில்லை. கொட்டகையில் அட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த இரண்டு நாளும் எனக்குத் தெரியும். லைல் செய்தது துரோகம். நான் செய்ததற்கு வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"சாவியை வச்சுட்டுப் போ," என்றார் வெண்டல்.

அன்று சாயங்காலமே பட்டியலுக்கு நான் எழுதினேன். லைல் போட்ட ஒப்புதல் பொய், அது பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும், ஏன் பேசாமல் இருந்தேன் என்பதையும் சேர்த்து எழுதினேன். ஹால்பெரா மறுநாள் எழுதினார்: 'நானும் ஒரு குரல்தான், என்னை யாரும் கேட்கவில்லை.' அப்புறம் எங்கெங்கிருந்தோ இருபது பேர் வந்தார்கள். 'புரிதலில் ஏற்பட்ட பிழை' என்று லைல் ஒரு மன்னிப்பு எழுதினான். பத்து நாளில் இரண்டாயிரத்து நூறு வரியும் இருந்த இடத்துக்கே திரும்பின. கம்பங்கள் பிழைத்தன. லைலும் பிழைத்தான், அவன் பதவியில் இன்றும் அவன்தான்.

அதற்கு அடுத்த வாரம் வெண்டலிடமிருந்து பட்டியலுக்கு ஒரு திருத்தம் வந்தது. மொத்தம் இரண்டு வரி. பொறுப்பாளர் பட்டியலில் அவர் பெயர் நீக்கம், அதே இடத்தில் என் பெயர் சேர்ப்பு. மேலே இப்படி எழுதியிருந்தார்: "இனி இதை நான் கவனிக்கப் போவதில்லை. மேவிஸ், உங்கள் பெயரை முன்மொழிகிறேன். ஒப்புதல் உண்டா என்று பட்டியலில் எழுத்தில் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் இதைச் சேர்க்க வேண்டாம்."

மூன்று நாள் கழித்து ஒப்புதல் எழுதினேன். வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இப்போது ஹால்பெராவின் ஆட்டுப் படங்கள் எனக்கு வருகின்றன. வெண்டலுக்கு வணக்கம் சொல்லச் சொல்கிறார். எதிரில் பார்த்தால் வெண்டல் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

மே மாதம் ஐலாவை மறுபடியும் ரோச்செஸ்டருக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். இரண்டு நாள் வேலை. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின் இருக்கையில் போர்வை விரித்து, முஸ்தியைத் தூக்கி உட்காரவைத்து, சோற்றுக் கிண்ணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.