மூணாம் மேசையின் பை

படைமுகாமில் அவரை எல்லோரும் இஸ்திரி என்றுதான் அழைத்தார்கள். படித்து முடித்த செய்தித்தாளைக்கூட நான்கு மூலையும் பொருந்த மடித்து வைக்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? இருபத்தாறு வருடமாகப் பாராசூட் மடித்தவர். அதே கூடத்தின் ஜன்னலோரத்தில் தையல் மெஷின் போட்டு, கிழிந்த பாராசூட் துணிக்கு ஒட்டுப்போடுவது அவர் மனைவியின் வேலை. அவளுக்கு மட்டும் அந்தப் பெயர் பிடிக்காது. "இஸ்திரிப் பெட்டி சூடாவாவது ஆகும். இவருக்குக் கோபமே வராது" என்பாள்.

கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. மடித்தவர், பாராசூட் பையில் செருகிய சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கேப்டன் எந்த நாளும் அவர் மடித்த எந்தப் பையையும் காட்டி, "இதை மாட்டிக்கிட்டு நீயே குதி" என்று சொல்லலாம். மறுக்க முடியாது. அப்படி ஒரு சட்டம் இருந்ததால்தான் வீரர்கள் கேள்வி கேட்காமல் பையை முதுகில் மாட்டினார்கள். இஸ்திரி முப்பத்தொன்பது முறை குதித்தவர். கடைசி முறை கால் ஒரு பள்ளத்தில் இறங்கி முழங்கால் கெட்டது. இன்னொரு தடவை அடிபட்டால் ஊன்றுகோல்தான் என்று சொல்லி, ஓய்வுபெறும்வரை குதிக்க வேண்டாமென்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஓய்வுக்கு இன்னும் மூன்று மாதம்.

அந்த நேரத்தில்தான் மூணாம் மேசைக்குக் கெட்ட பெயர் வந்தது. அங்கே மடிக்கிறவளையும் மூணாம் மேசை என்றே கூப்பிடுவார்கள். ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் மடித்த பாராசூட்டில் குதித்த ஒருவனைக் காற்று தள்ளிக்கொண்டுபோய் வேலியில் மோதவைத்தது, கால் ஒடிந்தது. காற்றுதான் காரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். எழுதி என்ன, ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பை வாங்கும் ஜன்னலில் வீரர்கள் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். அவள் கையெழுத்து என்றால், "வேற குடுங்க" என்றார்கள். பன்னிரண்டு பைகள் அலமாரியிலேயே தேங்கின. சட்டப்படி அவளே ஒன்றை மாட்டிக்கொண்டு குதித்தால் பேச்சு அடங்கும். வயிற்றுப் பிள்ளையோடு எப்படிக் குதிப்பாள்? இந்த வாரமும் பைகள் நகராவிட்டால் அவளை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் கேப்டன்.

"நான் தப்பா மடிக்கலைக்கா," என்றாள் அவள், தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்று.

"எனக்குத் தெரியாதா? நாலு வருஷமா உன் கையைப் பார்த்துக்கிட்டுதானே தைக்கிறேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்னக்கா? நீங்களா குதிக்கப் போறீங்க?"

இஸ்திரியின் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு, அலமாரியில் தேங்கிய பைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முகாமின் தேவாலயத்தில் வேதம் வாசிப்பது இஸ்திரியின் முறை. சிலுவையில் பாடுபடப் போவதற்கு முன்பு இயேசு தம் நண்பர்களோடு பேசுகிற பகுதி. நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை என்று வருமே, அது. தங்குதடையில்லாமல் வாசிக்கிறவர், அந்த இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். மனைவி அதைக் கவனித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "என்ன யோசனை ஓடுது?"

"நாளைக்கு அந்தப் பொண்ணோட பையில குதிக்கலாம்னு."

"டாக்டர் குடுத்த லெட்டர்?"

"திருப்பிக் குடுத்துடலாம்."

"முழங்காலு?"

அவர் சட்டையைக் கழற்றி மடித்தார். "உயிரையே குடுக்கலாம்னு நாலு பேருக்கு முன்னால படிச்சிட்டு வந்திருக்கேன். முழங்காலுக்குப் பேரம் பேசினா நல்லாவா இருக்கும்?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை." பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கழுவி வைத்தாள். பிறகு தணிந்த குரலில், "ஒரு தடவை அந்தப் பையைத் திறந்தாவது பார்த்துடுங்களேன்" என்றாள்.

"திறந்தா நான்தான் திரும்ப மடிக்கணும். அப்புறம் அது என் பை. அதில குதிச்சு அவளுக்கு என்ன லாபம்?"

அவளும் அந்தக் கூடத்துக்காரிதான். மேலே வாதாட முடியவில்லை. அலமாரியிலிருந்து தடித்த நாடாவை எடுத்து, அவர் முழங்காலை அளந்து, இரட்டைத் தையல் போட்டு ஒரு பட்டை தைத்தாள்.

மறுநாள் காலை ஜன்னலுக்கு முன்னால் அவர் வீரர்களைக் கூப்பிட்டார். "பன்னிரண்டுல எதுன்னு நீங்களே எடுங்க."

அதிகமாகப் பேசியவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். அவன் தலையைச் சொறிந்தான். "சார், வேணாம் சார். சும்மா பேசிக்கிட்டதுதானே."

"நானும் சும்மாதான் குதிக்கிறேன். எடுப்பா."

ரேடியோ அடித்தட்டிலிருந்து ஒன்றை இழுத்தான்.

மைதான ஓரத்தில் இஸ்திரி மனைவியின் கையை மூணாம் மேசை நசுக்கிவிடுகிற மாதிரி பிடித்திருந்தாள். விமானத்திலிருந்து ஒரு புள்ளி விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று இருவரும் முணுமுணுத்தார்கள். நான்கு சொல்வதற்குள் துணி விரிந்தது. ஒரு சுருக்கம் இல்லாமல், முழு வட்டமாக.

ஆனால் தரை தரைதான். அவர் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது தெரிந்ததும் மனைவி ஓடினாள். முகம் வெளுத்துக் கிடந்தவர், கயிறுகளை விரலால் பிரித்துக் காட்டினார். "பாரு, ஒண்ணுகூட முறுக்கலை."

"காலு?"

"அது போச்சு. நீ கயிறைப் பாரு."

மாற்றுச் சட்டை எடுக்க மறுநாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஜன்னலில் தகராறு. "மூணாம் மேசைப் பை ஒண்ணுகூட இல்லையா?" என்று ரேடியோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தான். மிச்சமிருந்த பதினொன்றும் முந்தின நாள் மதியத்துக்குள்ளேயே போய்விட்டனவாம். உள்ளே மூணாம் மேசை தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தாள். அவளை எடுக்கிற பேச்சைக் கேப்டன் அதன்பின் எடுக்கவே இல்லை.

இஸ்திரி ஊன்றுகோலோடுதான் ஓய்வு பெற்றார். கடைத்தெருவில் யாராவது, "பாவம், கீழே விழுந்துட்டாராமே?" என்று கேட்டால் அவர் மனைவி நின்றுவிடுவாள்.

"விழலைங்க, குதிச்சார்," என்று திருத்துவாள். கேட்டவருக்கு நேரமிருந்தால் முழுக்கதையும் சொல்வாள். நேரமில்லாவிட்டாலும் சொல்வாள்.