கை கொடுக்காத மார்லா

மார்லா ஃபாண்டனோ கால்வெஸ்டன் கடற்கரையில் பல கோடைகள் உயிர்காப்பாளராக இருந்தவள். யாராவது தத்தளித்தால் யோசிக்காமல் பாய்ந்துவிடுவாள். அந்தப் பழக்கத்தோடுதான் ஹூஸ்டனில் எங்கள் பயிற்சிக் குளத்துக்கு முக்குளிப்பவளாக வந்து சேர்ந்தாள்.

நிலவுக்குத் திரும்பப் போகிறவர்கள் இந்தக் குளத்தின் அடியில்தான் நடந்து பழகுகிறார்கள். உடையில் எடைகளை அளவாகச் செருகினால், உடம்பு நிலவில் எவ்வளவு கனக்குமோ அவ்வளவே கனக்கும். அடியில் மணல். நிலவின் தென்முனையில் தெரியும் சூரியனைப் போலத் தாழ்வாக ஒரே விளக்கு. நான் மேலே கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

திங்கட்கிழமை, விண்வெளி வீரர் ட்ரெவர் குப்புற விழுந்தார். தானே எழ வேண்டும் என்பதுதான் சோதனை. அவர் முழங்காலை மடக்குவதற்குள் மார்லா அவர் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டாள். சோதனை வீண்.

தலைமை முக்குளிப்பவர் வெண்டல் கொதித்துப்போனார்.

"ஏம்மா, அவன் விழணும்னுதானே எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம்!"

"கை தானாப் போயிருச்சு, வெண்டல்."

"நிலாவுக்கும் கூடவே போயித் தூக்குவியா? அப்புறம் செவ்வாய்க் கிரகத்துக்கும்?"

"டிக்கெட் போட்டுக் குடு, போறேன்."

வெண்டல் சிரிக்கவில்லை.

"அவன் சைகை காட்டணும், இல்ல நாங்க சொல்லணும். அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை தொட்டே, தண்ணிக்குள்ள இறங்குற வேலை உனக்குக் கிடையாது."

வியாழக்கிழமை ட்ரெவர் மறுபடி விழுந்தார். திரையில் மார்லா தன் தோள்வார்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அவர் உள்ளங்கையை ஊன்றினார், வழுக்கியது. மணல் கலங்கியது. அவர் மூச்சு வாங்குவது ஒலிபெருக்கியில் கேட்டது.

"ட்ரெவர், நல்லாருக்கியா?" என்றார் வெண்டல்.

"இருக்கேன். பேச வைக்காதே."

மறுபடி ஊன்றினார், மறுபடி சரிந்தார். மார்லா ஒரு முழத் தூரத்தில் மிதந்தாள். கடைசியில் அவர் முழங்கால்களை உடம்புக்கடியில் இழுத்து, பின்னால் சாய்ந்து, தள்ளாடி எழுந்து நின்றார். அறையில் கைதட்டல்.

கரையேறித் தலைக்கவசத்தைக் கழற்றியதும் ட்ரெவர் கத்தினார்: "அடிப்பாவி, ஒரு விரலாவது நீட்டினியா?"

"தூக்கினா அவர் திட்டுறாரு, தூக்கலேன்னா நீ திட்டுறே. உங்களுக்கெல்லாம் என்னதான்யா வேணும்?"

ட்ரெவர் சிரித்தார். "நிலாவுல விழுந்தா எந்திரிச்சிருவேன். இப்பத் தெரியுது."

"நாளைக்கு அடுத்த ஆள் விழப்போறாங்க. நீதான் பக்கத்துல நிக்கிறே, மார்லா," என்றார் வெண்டல்.

"சரி," என்றாள் அவள். வாரைப் பிடித்துப் பிடித்து மரத்துப்போன விரல்கள் இன்னும் விரியவில்லை. தொடையில் வைத்து ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள்.