புடவைக்கு நடுவே சோப்பு

ஒரு சாமான் நன்றாக இருந்துவிட்டால், அதை நாலு பேரிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. உளுந்து வாங்கப் போகிறவளை வழியில் மறித்து, "அங்கன வாங்காதட்டி, இளையரசனேந்தல் பக்கத்து மானாவாரி உளுந்து வந்திருக்கு, ஒரு கை கொறச்சுப் போட்டாலும் பொங்கி வழியும்" என்று திருப்பி அனுப்புவேன். எந்த மில்லில் அரைத்தால் சீயக்காய் நைசாக வரும், பாத்திரம் தேய்க்கிற கட்டியில் எது கையை அறுக்காது, எல்லாம் எனக்கு அத்துப்படி. யாரும் கேட்க வேண்டியதில்லை, நானே சொல்லுவேன். என் வீட்டுக்காரர், "கடைக்காரன் ஒனக்குக் கமிஷன் தாரானா?" என்பார். தந்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்!

சொன்னதை எல்லாரும் தலையாட்டிக் கேட்பார்கள். வாங்க மாட்டார்கள். ஒருத்திதான் வாங்கினாள். சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் நான் வேலை பார்த்தபோது எனக்கு எதிர் மேஜைக்காரி அவள். கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவாள். கல்யாணமான நாலாவது மாசமே அவள் வீட்டுக்காரர் துபாய்க்குப் போய்விட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து ஒரு மாசம் இருந்துவிட்டுப் போவார்.

நான் இன்று ஒன்றைச் சொன்னால் நாளைக்கே பையோடு கிளம்பிவிடுவாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இரண்டு பேரும் கடை கடையாக ஏறி இறங்குவோம். கருப்பட்டியை நுனி உடைத்து வாயில் போட்டுப் பார்ப்போம். மிளகாய் வத்தலைக் கிள்ளி மோந்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து தும்முவோம். அண்ணாச்சிக் கடையில், "ரெண்டு பேரும் வாங்க வந்தீயளா, கடையைச் சோதனை போட வந்தீயளா?" என்று கேட்பார்கள். பஸ் வந்தாலும் ஏற மாட்டாள், "அடுத்த வண்டில போறேன்ட்டி" என்பாள். பதினாலு வருஷம் அப்படி ஓடியது. இப்போது அதே கடைகளுக்குத் தனியாகப் போகிறேன், ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

அவள் வீட்டுக்காரர் லீவில் வந்தால் பெட்டி உடைக்கிற அன்றைக்கே எனக்கென்று பங்கு எடுத்து வைத்துவிடுவாள். ஒரு டப்பா பவுடர், ஒன்றோ இரண்டோ சோப்பு. "குளிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லணும், என்ன?" என்பாள். இத்தனை வருஷம் நான் சொன்னதையெல்லாம் வாங்கியவள், பதிலுக்கு என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அது சாதாரண சோப்பா! உறையைப் பிரிக்கும் முன்பே வீடு மணக்கும். நான் வளர்ந்த வீட்டில் குளிக்கிற சோப்பை அம்மா நூல் போட்டு இரண்டாக அறுப்பாள். ஒரு பாதிதான் வெளியே வரும், மற்றது அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விடும். யாராவது வெளிநாட்டு சோப்பு கொடுத்தால் அதில் குளிப்பது என்ற பேச்சே கிடையாது. பீரோவில் பட்டுப் புடவைக்கு நடுவே வைத்துவிடுவோம். எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். கல்யாண வீட்டில் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே அவளுக்குத் துபாயில் சொந்தம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நானும் அப்படியே வைத்தேன். அவ்வளவு நல்ல சோப்பைத் தண்ணீரில் கரைக்க எனக்கு மனசு வரவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

அதை அவளிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். அவள் ஆசையாகக் கேட்டதும், "ஜோரா இருக்குட்டி, சாயங்காலம் வரைக்கும் வாசம் நிக்கிது" என்று அள்ளிவிட்டேன். சொல்லிப் பழகிய வாய் அதோடு நிற்குமா? "நுரைதான் கொஞ்சம் கம்மி" என்றேன். "பச்சை சோப்பு உடம்பை வறட்டுது, அடுத்த தடவை மல்லியப்பூ வாசத்துல கெடைக்குமான்னு பாக்கச் சொல்லு" என்றேன். உறையைக்கூடப் பிரிக்காத சோப்புக்கு இத்தனை நொட்டை! அடுத்த லீவில் மல்லிகை சோப்பே வந்துவிட்டது. அதையும் கொண்டுபோய்ப் புடவைக்கு நடுவே வைத்தேன்.

என் மகளுடைய நிச்சயதார்த்தத்தன்று முதல் பஸ்ஸிலேயே அவள் வந்து இறங்கினாள். நான் கையெல்லாம் சந்தனமாக நின்றேன். "ஏட்டி, பீரோவுல மயில்கழுத்துப் பட்டு இருக்கு, எடு" என்றேன். புத்தி எங்கே போயிருந்ததோ. அவள் புடவையை உருவினாள், ஒரு சோப்பு காலடியில் விழுந்தது. அடுத்த புடவையைத் தூக்கிப் பார்த்தாள், அதற்கடியிலும் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பதினோரு சோப்பு. ஒன்றிலும் உறை பிரியவில்லை.

அவள் எல்லாவற்றையும் திரும்பப் புடவைக்கு நடுவே வைத்தாள். எனக்குக் கொசுவம் மடித்துப் பின் குத்திவிட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தாள். பந்தி போட்டபோது தேடினேன், ஆளைக் காணோம். என் மகள் நிச்சயத்தில் அவள் சாப்பிடாமல் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஆபீசில் நானாகத்தான் பேச்செடுத்தேன். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "எங்க வீட்டுச் சாமான் ஒன் உடம்புல படக் கூடாதுன்னா மொதத் தடவையே சொல்லிருக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் நான். நிதானமாக விளக்கியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். "நோன்புக் கஞ்சியிலருந்து பெருநாள் பிரியாணி வரைக்கும் ஒன் வீட்டுல உக்காந்து தின்னவளப் பாத்தா இந்தக் கேள்வி கேக்க? நீயும் ஒன் சோப்பும்!" என்று கத்திவிட்டேன். அதோடு பேச்சு நின்றது.

ஆறு மாசம். நாலடி தூரத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் பேசவில்லை. டி.சி. நோட்டு வேண்டுமென்றால் அவள் எழுந்து வந்து எடுத்துக்கொண்டு போவாள். சாயங்காலம் முதல் பஸ்ஸுக்கே ஓடிவிடுவாள். வீட்டுக்கு வந்து ஒரு நாள் குமுறிக் குமுறி அழுதேன். மறுநாள் காலையில் பழைய சோப்பு ஒன்றை எடுத்து உறையைக் கிழித்தேன். அது கல்லாகிப் போயிருந்தது, நடுவில் வெடிப்பு. வாசம் மருந்துக்குக்கூட இல்லை. ஆனாலும் அதிலேயே குளித்தேன். அது தீர்ந்ததும் அடுத்தது. காற்றாடி என் பக்கமிருந்து அவள் பக்கம் வீசும், என்றைக்காவது அவள் மூக்கில் பட்டுவிடாதா என்று நப்பாசை. வாசம் இருந்தால் அல்லவா படும்!

அந்த மே மாசத்தோடு அவள் வேலையை விட்டாள். அவள் வீட்டுக்காரர் துபாயை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டாராம். அதையும் டீச்சர் ஒருத்தி சொல்லித்தான் கேள்விப்பட்டேன். இதை இப்படியே விட்டால் அவள் போனது போனதுதான் என்று பயம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடையநல்லூருக்கு பஸ் ஏறினேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. எதைக் கொண்டுபோனாலும் அதன் பெருமையைப் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

கதவைத் திறந்தது அவள் வீட்டுக்காரர். "வாங்க தங்கச்சி, வாங்க!" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். அவள் அவரிடம் எதையும் சொல்லவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. உட்காரவைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த மல்லிய சோப்பு பிடிச்சிருந்துச்சா? மூணு கடை ஏறி எறங்கி மோந்து மோந்து பாத்து வாங்குனேன்."

அவள் அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"அண்ணே, மன்னிச்சுக்கிடுங்க. நீங்க குடுத்த ஒண்ணுலயும் நான் குளிக்கல. இம்புட்டு நல்ல சோப்பான்னு பீரோவுல வச்சுக்கிட்டே இருந்துட்டேன். நல்லாருக்குன்னு சொன்னது, நுரை கம்மின்னு சொன்னது, எல்லாம் பொய். இப்ப ஆறு மாசமாத்தான் குளிக்கேன். வச்சு வச்சு வாசமெல்லாம் போயிருச்சு."

 "சோப்புதான தங்கச்சி, போவட்டும்" என்று அவர் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுச் சாமான்னு நான் கேட்டது தப்புதான். ஆனா அப்படியும் தோணுச்சுட்டி, இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றாள். "அத விடு. நீ சொன்னதயெல்லாம் நான் போன்ல அவுககிட்ட சொல்லுவேன். எங்களுக்குப் பேச வேற என்ன இருந்துச்சு? சாப்புட்டீகளா, வெயிலு எப்படி, பணம் வந்துச்சா. அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் வாய் வராது. ஒன் சோப்புதான் பேச்சு. அவ நுரை கம்மிங்கா, அவ மல்லி கேக்கான்னு சொல்லிச் சொல்லி அரை மணி நேரம் ஓட்டிருவேன். அவுகளும் கடையில நின்னுக்கிட்டே போன் போட்டு, இது எப்படின்னு சொல்லுன்னு கேப்பாக. அம்புட்டும் பொய்யின்னு ஒன் பீரோவத் தெறந்ததும் தெரிஞ்சா எனக்கு எப்படி இருக்கும்?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 

"இப்ப ஒரேயடியா வந்துட்டாக. காலையில எந்திரிச்சா எதுத்தாப்ல உக்காந்திருக்காக. நல்ல மனுசன்ட்டி. ஆனா என்ன பேசன்னு தெரியல. அவுகளுக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

எனக்கு வேறு என்ன தெரியும்? தெரிந்ததைத்தான் சொன்னேன். "ஏட்டி, அவுகளக் கடைக்குக் கூட்டிட்டுப் போ. நீ மட்டும் போயி வாங்கிட்டு வராத. புளி, டீத்தூள், பல்லு வெளக்குறது, எல்லாத்துக்கும் ரெண்டு பேருமாப் போங்க."

"அவுக இந்த ஊருக் கடையெல்லாம் ஏறமாட்டாக."

"எனக்காக மூணு கடை ஏறுனவுக ஒனக்காக ஏறமாட்டாகளா?"

 அன்றைக்கு அவள் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை.

பத்து நாள் கழித்து அவள் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் அவர் பேசினார். "தங்கச்சி, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. டீத்தூள் வாங்கியாந்தோம். நல்லாத் திடமா இருக்குன்னு நான் சொல்லுதேன், சாயந்தான் கலந்திருக்கான்னு இவ சொல்லுதா."

பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "அவகிட்ட என்னத்தக் கேக்கீக? குடிக்காமயே நல்லாருக்குன்னு சொல்லிருவா!"

"நீ செத்த சும்மா இரு, நான் கேக்கேன்ல."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? மொதல்ல நீங்க தண்ணிய அளந்து ஊத்துனீகளா?"

அவர் என்னமோ சொன்னார், அவள் அதற்கு ஒன்று சொன்னாள். நான் போனில் இருக்கிறேன் என்பதையே இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.