லாத்தா பிடித்த கை

காலண்டர் சீசன். அச்சகத்தின் பைண்டிங் பகுதியில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைப் பெண் போனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "செல்வியக்கா, வளையக்கட லாத்தா மவுத்தாயிட்டாகளாம்." சாவுச் செய்தி கேட்டும், கையிலிருந்த கட்டை அடுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

திருத்தங்கலில் ஜமீலா லாத்தாவின் ஃபேன்சி ஸ்டோருக்குப் போயிருக்கிறவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள்; எங்கள் தெருவில் மற்றவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வதில் அவருக்கு இணை யாரும் கிடையாது. நெற்றியில் பொட்டு ஒட்டும் இடம் வெளுத்திருந்தால் ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கையிலிருந்து பிடுங்கிவிடுவார். "பசை ஒத்துக்கிடல. குங்குமம் வச்சுப் பாரு, அதுவும் அரிச்சா சும்மா இரு" என்பார். காது புண்ணாகி வருகிறவளுக்குக் கவரிங் தோடு தர மாட்டார்.

பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்த ஒருவர், மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் மீசைக்குச் சாயம் வாங்க வந்தார். போன தடவை உதடு தடித்துப் போனதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். லாத்தா பாக்கெட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தார். "ஒங்களுக்கு மீசை வேணுமா, வாய் வேணுமா அண்ணே? ஒரு தடவ வீங்குனவுகளுக்கு மறுபடி கிடையாது." புதிதாக வாங்குகிறவர்களிடம், காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் தலையில் வைக்க வேண்டும் என்று சத்தியம் வாங்காத குறை.

என் கை கெட்டது பைண்டிங் வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்து. விரலிடுக்கில் அரிப்பு, பிறகு வெடிப்பு, பிறகு நீர் வடிதல். இங்க் ஒத்துக்கொள்ளவில்லை என்று ரப்பர் கிளவுஸ் வாங்கினேன். கை மோசமாக ஆக, அதைக் கூடுதல் நேரம் போட்டேன். வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டில் கூட இருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தள்ளி உட்கார்ந்தார்கள். அம்மா போன பிறகு தனியாகச் சாப்பிடுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் பத்துப் பேருக்கு நடுவில் தனியாகச் சாப்பிடுவது வேறு.

ஆனைக்குட்டத்தில் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. நான் அத்தை. சந்தனம் தடவி வளையல் போட வேண்டியவள். மதினி மெதுவாகத்தான் சொன்னார்: "செல்வி, நீ அங்கன உக்காந்துக்கோ. புள்ளத்தாச்சிக்கு ஒட்டிக்கிட்டா என்ன செய்ய?" வெளியே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே வளையல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வளையல் போட்டுவிட வந்திருந்த லாத்தா, மிச்ச வளையல் பெட்டியோடு நேராக என்னிடம் வந்தார். "கையக் கொடு." நான் கொடுக்கவில்லை. அவரே எடுத்தார். அந்தக் கையை வேறொருவர் தொட்டு எத்தனை மாதம் ஆகியிருந்ததோ, எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பார்த்தார். இங்க் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

"இங்க் தெறிச்சா அங்கனயும் இங்கனயும்ல படும்? இது பார்டர் கட்டுன மாதிரி ஒரே கோட்டுல நிக்குது. இம்புட்டுத் தூரம் என்னத்த மாட்டுற?"

"கிளவுஸ்."

"எப்பக் கழட்டுவ?"

"தூங்கயில."

"ஏ கோட்டிக்காரி, அதத்தான மொதல்ல கழட்டணும்? ரெண்டு வாரம் போடாத. வேற எதையும் மாத்தாத. ஒண்ணு ஒண்ணா நிப்பாட்டுனாத்தான் எதுன்னு தெரியும்."

விருதுநகரில் தோல் டாக்டரிடம் அவரே பஸ்ஸில் கூட்டிப்போனார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, முதுகில் இங்க், ரப்பர் என்று வரிசையாக வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். இரண்டு நாள் நனைக்கக் கூடாது, கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முதுகைப் பார்க்க எங்கள் வீட்டில் ஆள் ஏது? இரண்டு நாளும் கடையைச் சாத்திவிட்டு லாத்தா வந்து பார்த்தார். டாக்டர் பிரித்துப் பார்த்தபோது ரப்பர் வைத்த இடம்தான் சிவந்து தடித்திருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு அவர் ஆனைக்குட்டமே போனார். "இது ஒட்டுவாரொட்டி இல்ல, நல்லாப் பாத்துக்கோங்க" என்று மதினியிடம் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினாராம்.

கை ஆறியது. மண்ணெண்ணெய் போட்டு இங்க்கைக் கழுவுவதை விட்டேன். தேங்காயெண்ணெய் தேய்த்துப் பனியன் வேஸ்ட் துணியில் துடைத்து, வாசனையில்லாத சோப்பில் கழுவி, ஈரம் காயும் முன் மறுபடி எண்ணெய் தடவுகிறேன். ஆனால் தள்ளி உட்கார்ந்தவர்கள் திரும்ப வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பழகிவிட்டது.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினேன். தேவையில்லை. வளையல் போடும்போது லாத்தா என் கையைக் குவித்துப் பிடித்து, விரல் மூட்டுகளை அமுக்கி அமுக்கி ஏற்றுவார். அதற்காகத்தான் போனேன். "பழசு ஒடையவே இல்லையே புள்ள" என்று ஒரு தடவை கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

செய்தி கேட்டு நான் லாத்தா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எடுத்துப் போக ஆயத்தமாகிவிட்டார்கள். வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் பார்க்கக் கிடைத்தது. கை உள்ளே இருந்தது.

அவர் சொன்னதெல்லாம் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது, ஒரு சொட்டு வைத்துக் காத்திருப்பது, எல்லாம். போன மாதம் வாங்கிய ஒரு டஜன் மட்டும் தாள் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அன்று கடையில் கூட்டம். "வச்சிரு புள்ள, நாளைக்கு வா. நானே போட்டு விடுதேன்" என்றார். எனக்கு அச்சகத்தில் காலண்டர் லோடு அனுப்ப வேண்டிய வேலை இருந்தது. மறுநாள் போகவில்லை.

அவற்றை நானே போட்டுக்கொள்ளலாம். இன்னொரு கை எனக்கும் இருக்கிறது. ஆனால் போடவில்லை.