கழுத்துக்கல்லை இறக்கிய கதை

குடகனாற்றங்கரையில் எங்கள் ஊருக்குப் பாலம் வராத காலம் அது. ஆற்றைக் கடந்தால்தான் அகரம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம். வண்டி இறங்கும் துறையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நிற்கும். மேலே கழுத்துபோல் ஒடுங்கியிருந்ததால் அதற்குக் கழுத்துக்கல் என்று பெயர். யார் நட்டது என்று கேட்டால் ஆளுக்கொரு ராஜாவைச் சொல்வார்கள். ஊருக்கு அதுதான் சாமி, அதுதான் சட்டம். தண்ணீர் கழுத்துக்குக் கீழே ஓடினால் வண்டி இறங்கலாம். கழுத்தைத் தொட்டுவிட்டால் கலெக்டரே வந்தாலும் கரையில்தான் நிற்க வேண்டும்.

நான் நிலக்கோட்டைப் பக்கம் பூக்காட்டிலிருந்து அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். ஐம்பதுகளின் கடைசி. எனக்கு ஆறு தெரியாது என்று வீட்டில் ஓயாமல் கேலி செய்வார்கள். சுருக்கென்று இருக்கும்.

என் கொழுந்தனுக்கு வெகுநாளாகப் பெண் அமையவில்லை. அமைந்தால் கழுத்துக்கல்லுக்குப் பீடம் கட்டுவதாக மாமனார் வேண்டிக்கொண்டார். அகரத்தில் பெண் அமைந்தது. வைகாசியில் ஆறு வறண்டு கிடந்தபோது கல்லைப் பெயர்த்து, ஒரு முழ உயரத்துக்குப் பீடம் கட்டி, அதன்மேல் நிறுத்தினார். பொங்கல் வைத்து ஊரே சாப்பிட்டது. நானும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஐப்பசியில் கல்யாணம். முதல்நாள் மதியமே மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் புறப்பட்டன. மலையில் மழை பெய்து ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கல்லின் கழுத்துக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். "ஏலே, வண்டிய இறக்கு" என்றார் முன்வண்டியில் இருந்த மாமனார். அதே வண்டியில் மாமியார் மடியில் என் இரண்டு வயது மகள்.

நான் தினமும் துணி துவைக்கும் கல்லைத் தேடினேன். காணோம். கழுத்தைத் தண்ணீர் தொடும் நாளில்தான் அதுவும் மூழ்கும். நாலு வருஷமாகப் பார்க்கிறேன். பின்வண்டியிலிருந்து குதித்து ஓடி, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, வேணாம். ஆழம் அதிகம்."

"கழுத்து தெரியுதே, கண்ணு தெரியலையா? பூக்காட்டுப் புள்ளைக்கு ஆத்தைப் பத்தி என்ன தெரியும்? தள்ளு தாயி."

"கல்லை ஒரு முழம் தூக்கி வச்சீகளே, ஆத்துத் தரையும் சேந்து எந்திரிச்சுச்சா?"

மாமனார் முகம் சிவந்துவிட்டது. சட்டென்று ஒப்புக்கொள்ளும் ரகமில்லை அவர். "நானே காட்டுறேன்" என்று இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். எட்டாவது அடியில் நெஞ்சளவு தண்ணீர். ஒன்பதாவது அடியில் ஆளைக் காணோம். கொழுந்தனும் வண்டிக்காரர்களும் இழுத்துக் கரையில் போட்டார்கள். தலைப்பாகை போனது போனதுதான். மூச்சு வாங்க உட்கார்ந்தவர் என் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாட்டைத் திருப்புங்கடா" என்றார்.

தூரத்தில் இருந்த ரோட்டுப் பாலம் வழியாகச் சுற்றிப் போய், விளக்கு வைக்கும் நேரத்தில் அகரம் சேர்ந்தோம். முகூர்த்தம் தப்பவில்லை. "எம் மருமக இல்லைன்னா இந்தப் பந்தல்ல இன்னைக்கு ஒப்பாரிதான்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் மாமனாரே சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறு கோடையில் பீடத்தை இடித்தார்கள். எட்டு ஆண்கள் கல்லைத் தாங்கி நிற்க, மாமனார் என்னைக் கூப்பிட்டார். "நீ போதும்னு சொன்னாத்தான் குழியில மண்ணு தள்ளணும் தாயி."

துவைக்கிற கல்லிலிருந்து கழுத்துக்குக் கயிறு பிடித்து மட்டம் பார்த்தேன். முதல் தடவையே சரியாக இருந்தது. ஆனாலும் மூன்று தடவை தூக்கி இறக்க வைத்துவிட்டுத்தான் போதும் என்றேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.