கரிசலில் நிற்கிற கேட்டு

மழை பெய்த மறுநாள், காப்பி குடிக்கும் முன்பே சங்கிலிப்பாண்டி தெருவில் இறங்கிவிடுவார். பழைய வீட்டுக் கேட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு கதவுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்ப்பார். விரல் போனால் முகம் தெளியும். போகாவிட்டால், வீட்டுக்காரர் எழுந்திருக்கும் முன்பே இவருக்குப் படபடப்பு வந்துவிடும். "பிரஷர் மாத்திரை எனக்கா போடுதேன்? இந்தக் கேட்டுகளுக்குல்லா போடுதேன்" என்பார்.

என் மதினி சுப்புத்தாயின் ஒன்றுவிட்ட தம்பி இவர். கோவில்பட்டியில் வெல்டிங் பட்டறை. எங்கள் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் நிற்கிற தூண்களும் கூடவே நகரும். வாலிபத்தில் இதை யோசிக்காமல் ஒரு தப்புச் செய்தார். தங்கை வள்ளிமயிலைக் கட்டிக்கொடுத்த புதூர் வீட்டில், கார்த்திகை மழைக்கு இறுகிப்போன கேட்டை இரண்டு விரற்கடை அறுத்துவிட்டார். சித்திரையில் தூண்கள் விலகின. தாழ்ப்பாள் எட்டவில்லை. வெள்ளாடுகள் முட்டித் திறந்து உள்ளே போய், காயப்போட்ட கம்பைத் தின்று தீர்த்தன. வள்ளிமயிலின் மாமியார் சாகும்வரை இவரை "ஆட்டுக்கு வாசல் வச்சவரு" என்றுதான் சொன்னாள்.

போன ஐப்பசியில் எங்கள் எதிர்வீட்டுக் கேட்டு இறுகிவிட்டது. தீப்பெட்டிக் கம்பெனிக்காரர் வீடு. நூறு வருஷத்துக் கேட்டு. அடித்து வளைத்த கம்பிக் கொடிகளுக்கு நடுவே இரண்டு வார்ப்பிரும்பு மயில்கள். அன்று பத்து மணிக்கு அந்த வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் மணியாச்சியிலிருந்து கிளம்பியாகிவிட்டது. பின்வாசல் வழியே அழைத்தால் காலத்துக்கும் குறை.

"அண்ணாச்சி, கட்டர வச்சு ரெண்டு விரக்கடை எடுத்து விடுங்க" என்றான் பெண்ணின் அண்ணன் மணிகண்டபிரபு.

"எடுத்துரலாம். சித்திரையில தாப்பா எட்டாதே. நீங்க ரெண்டு கதவையும் கையில புடிச்சிக்கிட்டு நிப்பியளா?"

"அப்பம் கடப்பாரைய வச்சு நெம்புங்க!"

"நெம்புனா மயிலு கழுத்து போயிரும் தம்பி. வார்ப்புக்கு வளையத் தெரியாது. ஒடியத்தான் தெரியும்."

தூணுக்குப் பின்னால் பூச்செடி மண்ணைத் தோண்டினார். தண்ணீர் குடித்து உப்பி, தூணை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது அந்த மண்தான். பிறகு இரண்டு தூணுக்கும் நடுவே கட்டையும் லாரி ஜாக்கியும் குறுக்கே கொடுத்து, கால் திருகு, அரைத் திருகாக ஏற்றினார். ஒவ்வொரு திருகுக்கும் ஓடிப்போய் மயிலின் கழுத்தைத் தடவினார். மணி ஒன்பதே முக்கால்.

"மேம்பாலம் தாண்டிட்டாவளாம்!" மணிகண்டபிரபு செல்போனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினான்.

'டிக்' என்று ஒரு சத்தம். மயில் போயிற்று என்று சங்கிலிப்பாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஏய்யா, கண்ணத் தொற! கதவுல்லா அசையுது!" என்று நான்தான் சத்தம் போட்டேன்.

கட்டையை உருவி, குழியில் உப்பாத ஆற்றுமணலைக் கொட்டி இடித்து முடிக்கவும் கார்கள் தெருவுக்குள் திரும்பவும் சரியாக இருந்தது. மயில்கள் ஒதுங்கி வழிவிட்டன. கடைசிக் கார் உள்ளே போனபோது தூறல் விழுந்தது. பெண்ணின் தாய் வெயிலம்மாள் ஒரு குடையோடு வந்தாள்.

"நனையாம உள்ள வாங்க. ஒரு வாய் சாப்பிடலாம்."

சங்கிலிப்பாண்டி வானத்தைப் பார்த்தார். "மணலுக்கு அடியில கரிசல்லா கெடக்கு" என்றார். குடையை வாங்கி விரித்தார். தூணடி மணலின்மேல் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார்.