திருவிருந்துக்கு ஆசீர்வாதம் எழுந்து வராத ஞாயிறு

வியாழக்கிழமை காலை பட்டறைக்குப் புறப்படச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வள்ளியிடமிருந்து போன் வந்தது. என் செராமிக் பட்டறையில் பீங்கானுக்குப் பளபளப்பான கிளேஸ் பூசும் பெண் அவள். அந்த நேரத்தில் கூப்பிட்டால் லீவு கேட்கத்தான். "இன்னைக்கு யாருக்கும்மா காய்ச்சல்?" என்று கேலியாகக் கேட்டேன். பதிலுக்கு அழுகைதான் வந்தது. "ஐயா, நம்ம ஆசீர்வாதண்ணன் செத்துப் போயிட்டாங்கய்யா" என்றாள்.

எனக்கு முதலில் துக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஏன் பயம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆசீர்வாதத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. தினமும் காலையில் கட்டிலோரம் முழங்காலிட்டு ஜெபிப்பது அவர் வழக்கம். அன்றும் அப்படித்தான் இருந்திருக்கிறார். அவருடைய மனைவி எஸ்தரம்மா டீ போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜெபத்தைக் கலைக்கக் கூடாதென்று வாசல் பெருக்கப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோதும் அவர் அப்படியே இருந்தாராம். டீயில் ஆடை படிந்துவிட்டதைப் பார்த்த பிறகுதான் தோளைத் தொட்டிருக்கிறார்கள்.

"இருபத்திரண்டு வருஷம் உங்ககிட்டதான் வேலை பாத்தாரு. உங்களைவிட யாருக்கு அவரைத் தெரியும்? சபைப் பத்திரிகைக்கு நீங்கதான் எழுதணும்" என்று போதகர் ஐயா சொன்னார். மறுக்க முடியவில்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் என்னைவிட ஒன்பது வயது இளையவர், என்னிடம் சம்பளம் வாங்கியவர். இருக்கும்வரை "வாப்பா, போப்பா" என்றுதான் அவரிடம் பேசினேன். இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். இந்த மரியாதையை முன்பே கொடுத்திருக்கலாம்.

பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டும் குடும்பம் அவருடையது. கல்யாணமான புதிதில் விருத்தாசலம் வந்து, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கி, கடைசியில் என் முன்னால் வந்து நின்றார். "என்ன வேலை தெரியும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியாதுங்கய்யா. சொன்னா செய்வேன்" என்றார். இப்படிச் சொல்லி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே மாதத்தில் எனக்கே தொழில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். இவர் கடைசி வரை சொன்னால் செய்கிறவராகவே இருந்தார். யார் சொன்னால் செய்வார் என்பதுதான் எனக்குப் பிந்திப் புரிந்தது.

வீட்டு மெயின் போர்டில் ஃபியூஸ் கம்பி கட்டி மாட்டுகிற பீங்கான் பீஸ் கட்டைகளைத்தான் எங்கள் பட்டறையில் செய்கிறோம். சூளையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றையும் இன்னொன்றோடு தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கட்டை கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், சத்தம் மந்தமாகிவிடும். அந்த வேலையை அவரிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார். "அண்ணன் தூங்கிட்டே சம்பளம் வாங்குறாரு" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் கண்ணைத் திறக்காமலே சிரிப்பார்.

ஒருமுறை ஆலயத்தில் வேதபாடம் வாசிக்க அவர் பெயரைப் போட்டார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர். முடியாது என்று சொல்லியிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். "குடுத்துட்டாங்க, செஞ்சிடணும்" என்று ஒரு வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைப் பெண்கள் முன்னால் வாசித்துப் பழகினார். வள்ளி ஆடி மாதமானால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். சனிக்கிழமைக்குள் அந்த அதிகாரம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. அவர் திக்கிய இடத்திலெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே அடியெடுத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவர் நடுவில் நின்றுவிட்டபோது, வள்ளி வந்திருக்கக் கூடாதா என்று நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரிடமாவது கோபமாகப் பேசிவிட்டால், அன்று பொழுது சாய்வதற்குள் அவர்களைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவார். கர்த்தர் சொல்லியிருக்கிறார், செய்ய வேண்டும், அவ்வளவுதான். தப்பு யார் பக்கம் என்பது அவருக்கு இரண்டாவது விஷயம். ஒருநாள் ஈரம் காயாத பொருள்களை வள்ளி அடுக்கிவிட்டாள் என்று சத்தம் போட்டார். அன்று சாயங்காலமே ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் இருக்கும் அவள் வீட்டுக்குச் சைக்கிள் மிதித்துக்கொண்டு போய் நின்றார். என்னவோ ஏதோ என்று வள்ளியின் புருஷன் பயந்துவிட்டானாம். "நான் சொன்னது சரிதாம்மா. கத்துனது தப்பு. மன்னிச்சிடு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியிருக்கிறார்.

விஷயம் தெரிந்ததும், "இதை மறுநாள் பட்டறையில சொன்னா ஆவாதா?" என்று அவரிடம் கேட்டேன். "கர்த்தர் சொன்னதுக்கு நாளைக்கின்னு சொல்ல முடியுங்களாய்யா? நீங்க சொன்னாலே நான் நாளைக்கின்னு சொல்றதில்லையே" என்றார். முதலாளிக்குக் கேட்க இனிப்பான பதில்தானே. நான் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

இந்தத் தை மாதம் ஒரு அவசர ஆர்டர் வந்தது. மங்கலம்பேட்டையில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் கேட்டிருந்தார். சூளையை அணைத்த பிறகு இரண்டு நாள் திறக்காமல் ஆறவிட வேண்டும். சூட்டோடு திறந்தால் வெளிக்காற்று பட்டு, பீங்கான் உள்ளுக்குள் விரிசல் விட்டுவிடும். இந்தத் தொழிலுக்கு வருகிறவன் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்வது இது. நான் முப்பது வருஷத்துக்காரன். ஒரே நாளில் திறக்கச் சொன்னேன். "ஆறட்டுங்கய்யா" என்று ஆசீர்வாதம் தயங்கினார். "சூளை என்னுது, தெற" என்றேன். திறந்தார்.

மறுநாள் உட்கார்ந்து தட்டினார். பாதிக்கு மேல் ஒலிக்கவில்லை. அவற்றைத் தனியே ஒதுக்கி வைத்தார். நான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தன, ஒரு கீறல்கூட இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும்படி பெண்களிடம் சொன்னேன்.

"வாணாங்கய்யா" என்று அவர் எழுந்து வந்தார். "இதைக் கையால புடிச்சுத்தான் புடுங்குவாங்க. கரண்டுய்யா."

"ஒண்ணும் ஆவாது. விரிசல் கண்ணுக்குத் தெரியுதா உனக்கு?"

"சத்தத்துல தெரியுதுங்களே."

"உன் காதை நம்பி நான் ஆர்டரை வுட முடியுமா? கட்டு."

"வேற எந்த வேலைனாலும் சொல்லுங்க, செய்றேன். இதைக் கட்ட மாட்டேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் "மாட்டேன்" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நீ என்ன எனக்குப் போதகரா? ஒன் ஜெபத்தையெல்லாம் வூட்டோட வெச்சிக்க" என்று கத்தினேன். அவர் குரலும் உயர்ந்தது. "இது ஏமாத்து வேலைங்கய்யா. நீங்க ஏமாத்துக்காரரு" என்று அத்தனை பெண்களும் கேட்கச் சொல்லிவிட்டார். சொன்ன மறுகணமே முகம் வாடிப்போனது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சூளைப் பக்கம் பெருக்கப் போனார். பெட்டிகளை மற்றவர்கள் கட்டினார்கள், மதியத்துக்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வருவார் என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும், "நான் இல்லன்னு சொல்லிடு" என்று மனைவியை அனுப்பினேன். அவளுக்குப் பொய் வராது. தட்டுத் தடுமாறிச் சொன்னாள். "பரவால்லம்மா, நிக்கிறேன்" என்றார் அவர். நான் ஜன்னலோரம் மறைந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் எங்கள் மதிலை விட்டு இறங்கி, எதிர்வீட்டு மொட்டை மாடியை விட்டும் போன பிறகுதான் அவர் சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் பட்டறையில் என் அறைக்கு வந்தார். நான் போனைக் காதில் வைத்தபடி எழுந்து வெளியே போனேன். போனில் யாரும் இல்லை. அந்த வாரம் முழுக்க இப்படியே அவரிடமிருந்து ஓடினேன். அவர் மன்னிப்புக் கேட்டால் நானும் ஏதாவது சொல்ல வேண்டும். பேச்சு தொடங்கினால் அந்தப் பெட்டிகளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து. ஒருவரோடொருவர் மனஸ்தாபம் வைத்துக்கொண்டு அதில் பங்கெடுக்கக் கூடாது என்று சிறு வயதிலிருந்தே எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நாங்களும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவோம். பெஞ்சிலேயே ஒருவர் இருந்துவிட்டால், ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டார் என்று பேச்சு வரும். அதற்குப் பயந்தே யாரும் உட்காருவதில்லை. அந்த ஞாயிறு மூன்றாம் பெஞ்சுக்காரர்கள் எழுந்தார்கள். ஆசீர்வாதம் எழவில்லை. காலை ஒடுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எஸ்தரம்மா திரும்பிப் பார்த்துவிட்டுத் தனியே நடந்தார்கள். என் வரிசை வந்தது. பீடத்துக்குப் போக அவரைக் கடந்துதான் ஆக வேண்டும். கடந்து போனேன், முழங்காலிட்டேன், அப்பத்தைக் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "ஆசீர்வாதத்துக்கு என்ன? எதுனா தப்புதண்டா பண்ணிட்டாரா? உங்ககிட்டதான இருக்காரு" என்று மெல்லக் கேட்டார். "எனக்கென்ன தெரியும்?" என்றேன். நான் சொன்ன தோரணையிலிருந்து அவராக ஏதோ புரிந்துகொண்டு தலையசைத்தார். நான் திருத்தவில்லை. நான்கு நாள் கழித்து வள்ளியின் போன் வந்தது.

அடக்கத்துக்கு வந்தவர்களிடையே அந்தப் பேச்சும் வந்திருந்தது. "கடைசித் திருவிருந்துகூட எடுக்காமப் போயிட்டாரே, என்ன பாவம் பண்ணாரோ" என்று கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் நின்றே பேசினார்கள். அவர் பெட்டியின் மேல் மண் விழுந்துகொண்டிருந்தது. என் வாய் திறக்கவில்லை. எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது எஸ்தரம்மா என்னிடம் வந்தார்கள்.

"ஐயா, ஞாயித்துக்கெழம ஏன் எழுந்திரிக்கலன்னு அவரைக் கேட்டேன். 'ஒருத்தரைப் பேசக் கூடாத பேச்சு பேசிட்டேன், அவரு மனசு இன்னும் ஆறல'ன்னாரு. யாருன்னு கேட்டா சொல்லல. சொன்னா நான் அவங்களைத் தப்பா நெனைச்சிருவேனாம். பகலெல்லாம் உங்களோடதான இருப்பாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லுங்கய்யா. நான் போயிப் பாக்கணும். இவரு இப்படிப் போயிட்டாருன்னு அவங்க மனசு எவ்ளோ கஷ்டப்படுமோ, பாவம்."

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்தார்கள். "கண்டுபுடிச்சீங்களாய்யா?" என்ற ஒரே கேள்விதான். சாயங்காலமானால் தெருவில் யாருடைய சைக்கிள் நின்றாலும் நான் எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். அங்கே யாரும் நிற்பதில்லை, ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மங்கலம்பேட்டைக்குப் போய் மிச்சமிருந்த பெட்டிகளைத் திரும்ப வாங்கி வந்தேன். "வித்ததை நான் எங்கய்யா போயித் தேடுறது? யாரு யாரோ வந்து வாங்கிட்டுப் போனாங்க" என்று கடைக்கார பாய் கையை விரித்துவிட்டார். இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் மெயின் போர்டுக்குத்தான் போகிறது. போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன வீட்டில் பேச்சை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன சார் பாக்குறீங்க?" என்று கேட்டார்கள்.

நேற்று சாயங்காலம், இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு எஸ்தரம்மா வீட்டுக்குப் போனேன். "யாருன்னு தெரிஞ்சிடுச்சா?" என்றபடி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். நான் உட்காராமல் நின்றே முழுவதையும் படித்தேன். ஜன்னலுக்குப் பின்னால் மறைந்து நின்றதைப் படித்தபோது அவர்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். படித்து முடித்தேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்று கை கூப்பினார்கள்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அவரு உங்களை அப்படிச் சொன்னது தப்புங்கய்யா. அவருக்குப் பதிலா நான் கேக்குறேன். மன்னிச்சிடுங்க."

"அம்மா, அவரு சொன்னது உண்மைம்மா. ஏமாத்துனது நான்தான்."

"உண்மைதாங்க. அதுக்கு நீங்க கர்த்தர்கிட்ட போங்க. இது அவரு செய்ய வேண்டியது, செய்ய முடியாமப் போயிட்டாரு. சொல்லுங்கய்யா, பொழுது போவுது."

மன்னித்தேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் என் கேட்டுக்கு வெளியே நின்றார். அது கிடைக்காததால்தான் பெஞ்சில் உட்கார்ந்தார். "மன்னிச்சிட்டேம்மா" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு கூசிப்போய் நான் எதையும் சொன்னதில்லை. எஸ்தரம்மா "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைக்க உள்ளே போனார்கள். அடக்கத்தன்று அழாமல் இருந்தவர்கள் உள்ளே அழுவது கேட்டது.

சபையாரே, ஆசீர்வாதம் எந்தப் பாவத்தையும் மறைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை. என்னால் உட்கார்ந்தார். நீங்கள் பேசுவீர்கள் என்று தெரிந்தும் என் பெயரைச் சொல்லாமல் போனார்.

போய் வாருங்கள், ஆசீர்வாதம். உங்கள் வேலையை எஸ்தரம்மா முடித்துவிட்டார்கள். என்னுடையது எந்தெந்த வீட்டுச் சுவரிலோ மாட்டிக்கிடக்கிறது. வருகிற ஞாயிறு மறுபடி திருவிருந்து. எல்லாரும் பீடத்துக்குப் போகும்போது நான் பெஞ்சிலேயே இருப்பேன். ஏன் என்று மூப்பர் கேட்டால் இந்த முறை பதில் சொல்வேன்.